ராபர்ட் என்றால் புகழொளி

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அய்யா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் சகோதரி அவர்களே, மனம் நிறைய வரவேற்றுப் பேசிய நூலகர் தம்பி அவர்களே, மாணவிகளை அழைத்து வந்திருக்கும் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் என் மாலை வணக்கம்.

தலைவர் அய்யாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் அது முறையாகாது. இந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகிய காலத்தில், புத்தகங்களையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றித் தம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய், இரண்டு மழைக்காலம் அங்கேயே நூலகம் நடத்தியவர் அவர். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்களில் நானும் ஒருவன். நகர்மன்ற உறுப்பினர் சகோதரியிடம், வாசல் விளக்கு எரியவில்லை என்று போன கூட்டத்தில் சொன்னோம். இன்றைக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில்தான் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தலைமையாசிரியர் அம்மா ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டி வந்திருக்கிறார். ஒலிபெருக்கி போட்ட தம்பிக்கும், சுக்குக் காப்பி கொண்டுவந்த அம்மாவுக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இதே மேடையில் கால்டுவெல்லைப் பற்றிப் பேசினோம். 1814-இல் பிறந்தவர், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர், இடையன்குடியில் அடக்கமாகியிருப்பவர் என்றெல்லாம் சொல்லி முடித்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “ராபர்ட் கால்டுவெல்னு சொன்னீங்களே, ராபர்ட்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். மேடையில் இருந்த நாலு பேரும் வாயடைத்துப் போனோம். கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று என்று மட்டும் ஒருவர் சொன்னார். ராபர்ட்டுக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் நீங்களே பேசிவிடுங்கள் என்று தலைவர் என்னிடம் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளை இன்றும் வந்திருக்கிறாள். அம்மா, உனக்காகத்தான் இந்தப் பேச்சு.

நாலு செய்தி சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, அந்தப் பெயரின் பொருள். இரண்டு, அது பிறந்த இடமும் நடந்த வழியும். மூன்று, அந்தப் பெயரோடு நம் மண்ணுக்கு வந்தவர்கள். நாலாவது, ஜெர்மானியப் பெண் பெயர்கள்.

நான் மொழிநூல் படித்தவன் அல்ல. 34 ஆண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். ஈய எழுத்துக் காலத்திலிருந்து கணினி வந்த காலம் வரை, இந்த ஊரில் நடந்த கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் பத்திரிகை கோத்த கை இது. மனிதர்களின் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக விரலால் எடுத்து அடுக்கியவன் என்ற ஒரே உரிமையில் பேசுகிறேன். அதற்கும் முன்னால் நான் ஒரு தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் தெருவில் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள்: தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. இந்தப் பழமொழியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், பேச்சு முழுக்க வரும்.

ராபர்ட் என்பது ஒரே சொல் மாதிரிக் கேட்கிறது. உண்மையில் அது இரண்டு சொல். பழைய ஜெர்மானிய மொழியில் ஹ்ரோத் என்றால் புகழ். பெர்ஹ்த் என்றால் ஒளி பொருந்திய, துலக்கமான. இரண்டும் சேர்ந்து ஹ்ரோத்பெர்ஹ்த். நாக்கு தேயத் தேய அதுதான் ராபர்ட் ஆனது. ஆங்கிலத்தில் பிரைட் என்கிறோமே, அந்தச் சொல்லும் இந்தப் பெர்ஹ்த்தும் ஒரே வேர். நம் பேச்சில் சொன்னால் புகழொளி. நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படியே வைக்கலாம் போலிருக்கிறது, இல்லையா? ஈதல் இசைபட வாழ்தல் என்று வள்ளுவர் சொல்லும் இடத்தில் இசை என்றால் புகழ். தோன்றின் புகழொடு தோன்றுக என்றும் அவரே சொன்னார். பிள்ளை புகழோடு விளங்க வேண்டும் என்ற ஆசை ரைன் நதிக்கரையில் இருந்த தாய்க்கும் ஒன்றுதான், தாமிரபரணிக் கரையில் இருந்த தாய்க்கும் ஒன்றுதான்.

அந்த மக்களிடம் பெயருக்கென்றே ஒரு சொற்களஞ்சியம் இருந்தது. புகழ், ஒளி, படை, ஈட்டி, ஓநாய், கல், அமைதி, நன்குடிப் பிறப்பு, இப்படிப் பல சொற்கள். அதிலிருந்து இரண்டை எடுத்துக் கோத்தால் ஒரு பெயர். புகழோடு ஈட்டியைச் சேர்த்தால் ரோஜர். புகழோடு ஓநாயைச் சேர்த்தால் ருடால்ஃப். புகழோடு நிலத்தைச் சேர்த்தால் ரோலண்ட். நன்குடிப் பிறப்போடு ஒளியைச் சேர்த்தால் ஆல்பர்ட். படையோடு ஒளி சேர்ந்தால் ஹெர்பர்ட். ஒளி மட்டும் தனியே நின்றால் பெர்த்தா, அது பெண்ணின் பெயர். எழுத்துப் பெட்டியின் அறைகளிலிருந்து எழுத்தை எடுத்துக் கோக்கிற என் வேலையை அவர்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று செய்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

ஆனால் எந்தச் சொல்லை எடுப்பது என்று எப்படி முடிவு செய்தார்கள்? இங்கேதான் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். பல சமயம் பொருளைப் பார்த்து எடுக்கவில்லை, பெற்றவர்களைப் பார்த்து எடுத்தார்கள்.

இங்கிலாந்தில் வூஸ்டர் என்று ஒரு நகரம். அங்கே 1062 முதல் 1095 வரை ஆயராக, அதாவது பிஷப்பாக இருந்தவர் வுல்ஃப்ஸ்டன். அவருடைய அப்பா பெயர் எத்தல்ஸ்டன். எத்தல் என்றால் உயர்குடி, ஸ்டன் என்றால் கல். அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு. வுல்ஃப் என்றால் ஓநாய், கிஃபு என்றால் கொடை. பிள்ளை பிறந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? அம்மா பெயரின் முதல் பாதியை எடுத்தார்கள், வுல்ஃப். அப்பா பெயரின் பின்பாதியை எடுத்தார்கள், ஸ்டன். இரண்டையும் சேர்த்து வுல்ஃப்ஸ்டன். ஓநாய்க்கல் என்றால் பொருள் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வருவார்கள். அதிலும் அம்மா முன்னால், அப்பா பின்னால். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை!

அந்த வுல்ஃப்ஸ்டன் எப்படிப்பட்டவர் என்றும் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்டல் துறைமுகத்தில் இங்கிலாந்து மனிதர்களையே அடிமைகளாக வாங்கி அயர்லாந்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இவர் அங்கே திரும்பத் திரும்பப் போய்த் தங்கி, ஞாயிறுதோறும் பேசிப் பேசியே அந்த வியாபாரத்தை நிறுத்த வைத்தார். அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவளின் பெயர் வுல்ஃப்கிஃபு என்று ஆயிரம் ஆண்டு கழித்து இங்கே நிற்கிற எனக்குத் தெரிகிறது. காரணம், அவள் பெயரில் பாதி மகன் பெயரில் இருக்கிறது.

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராட்டையின் முன்னால் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து நாள் முழுக்கத் தார் சுற்றுவாள். தார் என்றால் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல் சுருள். வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நூல் ஓடும். நூல் ஓடி ஓடி அந்தச் சுட்டுவிரலில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது. ராத்திரி சோறு பிசைந்து ஊட்டும்போது அந்தக் கோடு என் உதட்டில் படும். சேலைக்கு நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. தெருவில் நீட்டிக் கட்டி எல்லாரும் பார்ப்பது பாவு நூலை. ஊடை நூல் தாருக்குள் சுருண்டு நாடாவுக்குள் ஒளிந்திருக்கும். ஆனாலும் ஊடை இல்லாமல் ஒரு முழத் துணி உண்டா? சங்கத்துப் பெரியவர்கள் தலையை ஆட்டுகிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

ராபர்ட் நடந்த வழிக்கு வருகிறேன். இந்தப் பெயரின் பழைய உறவு ஒன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. ஜெர்மன் பேசும் நாட்டில் இதே பெயர் ரூப்ரெக்ட் என்றும் ரூபர்ட் என்றும் ஆனது. புனித ரூபர்ட் என்பவர் வோர்ம்ஸ் நகரத்து ஆயர். 696 வாக்கில் பவேரியா நாட்டுக்கு வந்தார், சால்ஸ்புர்க் நகரத்தைத் தழைக்க வைத்தார். சால்ஸ்புர்க் என்றால் உப்புக்கோட்டை. அவர் சிலை எங்கே இருந்தாலும் கையில் உப்புப் பீப்பாய் இருக்கும். செப்டம்பர் 24-ஆம் தேதியை ஒட்டி இன்றைக்கும் அந்த ஊரில் அவர் பெயரால் திருவிழா, நம் ஊர்ப் பங்குனிப் பொங்கல் மாதிரி ராட்டினமும் கடைகளுமாக. 1386-இல் தொடங்கிய ஹைடல்பெர்க் பல்கலைக்கழகமும் அதை நிறுவிய ரூப்ரெக்ட்டின் பெயரை இன்றுவரை தாங்கியிருக்கிறது.

பிரான்ஸ் பக்கம் அந்தப் பெயர் ராபர்ட்டாக நின்றது. வடக்கேயிருந்து கப்பலில் வந்து கொள்ளையடித்த வைக்கிங் தலைவன் ரோலோ, 911-இல் பிரான்ஸ் அரசனோடு சமாதானம் செய்துகொண்டு நார்மண்டியில் குடியேறினான். ஞானஸ்நானத்தில் தன் ஞானத்தந்தையின் பெயரான ராபர்ட்டை ஏற்றுக்கொண்டான் என்று நார்மண்டி வரலாற்றைப் பழங்காலத்தில் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த வம்சத்தில் ராபர்ட் திரும்பத் திரும்ப வந்தது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது பெயரும் கப்பல் ஏறிக் கடலைத் தாண்டியது.

இங்கிலாந்துக் குடியானவர்கள் அதைச் சுருக்கி ராப் என்றார்கள். அப்புறம் எதுகை மாதிரி ஹாப், டாப், பாப் என்று கூப்பிட்டார்கள். ஹாப்பின் மகன் ஹாப்சன். டாப்பின் மகன் டாப்சன். ராபினின் மகன் ராபின்சன். 1829-இல் லண்டன் மாநகரக் காவல்துறையை அமைத்தவர் ராபர்ட் பீல், அதனால் அங்கே போலீஸ்காரருக்கே பாபி என்று பெயர் விழுந்தது. ஹாப்பிலிருந்துதான் ஹாப்கின்ஸ் என்ற குடும்பப் பெயரும் வந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைப் பலரும் ஜான் ஹாப்கின்ஸ் என்று தவறாகச் சொல்கிறார்கள். அது ஜான் இல்லை, ஜான்ஸ். அந்த வள்ளலின் கொள்ளுப்பாட்டி மார்கரெட் ஜான்ஸ். கல்யாணமாகி ஹாப்கின்ஸ் வீட்டுக்குப் போனவள், தான் பிறந்த வீட்டுப் பெயரை விட மனமில்லாமல் மகனுக்கு அதையே முதல் பெயராக வைத்தாள். மகனிடமிருந்து அது பேரனின் பிள்ளைக்கு வந்தது. ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில் நிற்கிறது. அந்த ஒரு எஸ் எழுத்தை விட்டுவிட்டுப் படிக்கிறவர்கள் ஒரு பாட்டியை விட்டுவிடுகிறார்கள். அச்சுப் பிழை பார்த்தவன் என்பதால் எனக்கு இது பொறுக்காது.

இப்போது ஒரு கதை. வரலாற்றில் இருப்பதுதான், கொஞ்சம் நீளம், தலைவர் அய்யா மணி அடிக்கக் கூடாது.

நார்மண்டியை ஆண்டவர் ராபர்ட். அவர் மகன் வில்லியம், இங்கிலாந்தை வென்ற அதே வில்லியம். வில்லியம் தன் மூத்த மகனுக்குத் தன் அப்பா பெயரையே வைத்தான், ராபர்ட். தாத்தா பெயர் பேரனுக்கு, நம் ஊர் வழக்கம் போலவே. ஆனால் பெயரை வைத்தவன் மரியாதையை வைக்கவில்லை. மகன் குள்ளமாக இருந்தான், அப்பனே அவனைக் குட்டைக் காலன் என்று கேலி செய்வான். கர்ட்ஹோஸ் என்று இன்றுவரை வரலாற்றில் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் லேகிள் என்ற ஊரில் ராபர்ட் தங்கியிருந்தான். தம்பிகள் வில்லியமும் ஹென்றியும் மாடியில் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுப் புத்தியில் கீழே நின்ற அண்ணன் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள். கூட இருந்தவர்கள் ராபர்ட்டைத் தூண்டிவிட்டார்கள். கோபத்தோடு மாடி ஏறினான். அப்பன் வந்து விலக்கினான். அடுத்த ராத்திரியே ராபர்ட் ஆட்களோடு வெளியேறிவிட்டான். ஒரு குடம் தண்ணீர் ஒரு ராஜ்ஜியத்தை இரண்டாக்கிவிட்டது.

வெளியேறியவன் எங்கே போனான்? பிள்ளைகள் சொல்லுங்கள், அப்பாவோடு சண்டை என்றால் நம் ஊரில் எங்கே போவார்கள்? ஆமாம், மாமன் வீட்டுக்கு! ஃபிளாண்டர்ஸ் நாட்டை அப்போது ஆண்டவர் அவன் அம்மா மட்டில்டாவோடு கூடப்பிறந்தவர், இவனுக்குத் தாய்மாமன். அவர் பெயரும் ராபர்ட்! 1079 ஜனவரியில் ஜெர்பெரோய் கோட்டைக்கு வெளியே அப்பன் படையும் மகன் படையும் மோதின. இரும்புக் கவசமும் தலைக்கவசமுமாக இருந்ததால் முகம் தெரியவில்லை. ராபர்ட் ஒரு முதிய வீரனைக் குதிரையிலிருந்து தள்ளினான். கையில் காயம். கீழே விழுந்தவன் உதவிக்குக் கத்தினான். அந்தக் குரலைக் கேட்டதும் ராபர்ட்டுக்குத் தெரிந்துவிட்டது, அப்பா! குதிரையை விட்டுக் குதித்தான், அப்பாவைத் தூக்கித் தன் குதிரையிலேயே ஏற்றி அனுப்பினான். வூஸ்டரில் எழுதப்பட்ட நாளாகமம் இப்படிச் சொல்கிறது.

இந்தச் சண்டை நடந்த நாட்களில் அம்மா மட்டில்டா என்ன செய்தாள்? கணவன் பேரரசன், இங்கிலாந்தே அவன் காலடியில் கிடக்கிறது. அவளோ அவனுக்குத் தெரியாமல் மகனுக்கு வெள்ளியும் தங்கமும் அனுப்பிக்கொண்டிருந்தாள். வில்லியமுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் துரோகம் செய்கிறவனுக்கு என் பணத்தையே கொடுக்கிறாயா என்று கொதித்தான். அவள் என்ன பதில் சொன்னாள் என்று ஆர்டெரிக் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். என் மகன் ராபர்ட் செத்து ஏழடி மண்ணுக்குள் கிடந்தாலும், என் ரத்தத்தைக் கொட்டினால் அவன் பிழைப்பான் என்றால், அதையும் கொட்டுவேன் என்றாள். அந்தப் பேரரசனுக்கு அவளைத் தண்டிக்கத் துணிவு வரவில்லை. தூது போன பிரெட்டன்காரன் சாம்சனின் கண்ணைப் பிடுங்கச் சொன்னான். அவனும் அரசியின் ஆட்கள் சொன்னபடி ஓடிப்போய் ஒரு மடத்தில் துறவியாகித் தப்பினான்.

மட்டில்டா என்ற பெயருக்குப் பொருள் தெரியுமா? மாட் என்றால் வலிமை, ஹில்ட் என்றால் போர். போரில் வல்லவள். எவ்வளவு பொருத்தம்! ஆனால் மகன் பெயரில் பாருங்கள், ராபர்ட். முழுக்கத் தாத்தாவின் பெயர். வுல்ஃப்ஸ்டனின் அம்மா போல மட்டில்டா தன் பெயரில் பாதியைக்கூட அதில் வைக்க முடியவில்லை. அப்போது பெயர்கள் கோக்கப்படவில்லை, இறுகி முழுசாகக் கைமாறத் தொடங்கிவிட்டன. புகழும் ஒளியும் சேர்ந்தது என்பதே மறந்துபோய், அது வெறும் பரம்பரை முத்திரை ஆகிவிட்டது. 1083-இல் மட்டில்டா இறந்தாள். அதற்கப்புறம் அந்த மகனுக்குப் பரிந்து பேச ஆள் இல்லை. 1106-இல் தம்பி ஹென்றியே அவனைப் பிடித்தான். 28 ஆண்டு சிறை. 1134-இல் கார்டிஃப் கோட்டையில் இறந்தான். குளோஸ்டர் தேவாலயத்தில் மரத்தில் செதுக்கிய அவன் உருவம் இன்னமும் படுத்திருக்கிறது.

இதே காலத்தில் டென்மார்க்கில் வேறு மாதிரி நடந்தது. 1047 முதல் 1076 வரை ஆண்ட அரசன் ஸ்வென். அப்பா பெயர் உல்ஃப். ஆனால் எல்லாரும் அவனை அழைத்தது ஸ்வென் எஸ்ட்ரிட்சன் என்று. எஸ்ட்ரிட் அவன் அம்மா. அரசுரிமை அம்மா வழியில் வந்தது, அதனால் அம்மா பெயரையே தலையில் சூடிக்கொண்டான். இன்றைக்கு ஐஸ்லாந்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். அங்கே குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது, நம்மைப் போல அப்பா பெயர்தான் அடையாளம். வேண்டுமானால் அம்மா பெயரையும் வைத்துக்கொள்ளலாம். தலைநகர் ரெய்க்யாவிக்கில் 2014 முதல் 2024 வரை மேயராக இருந்தவர் டாகுர் பெர்க்தோருசோன் எக்கெர்ட்சோன். பெர்க்தோரா அம்மா, எக்கெர்ட் அப்பா. அம்மா முன்னால், அப்பா பின்னால். வுல்ஃப்ஸ்டனுக்கு வைத்த அதே வரிசை! தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

உலகத்தில் குடும்பப் பெயரில்லாமல், பெற்றவர் பெயரின் முதல் எழுத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற மக்கள் நாம். அந்த ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் எவ்வளவு பெரிய சொத்து! அதில் ஏன் ஒருவருக்கு மட்டும் இடம்? என் அச்சகத்தில் அந்தக் காலத்தில் சில சொற்களைக் கோத்து நூல் சுற்றி அப்படியே வைத்திருப்போம். ஜேஷ்ட குமாரன், கனிஷ்ட குமாரி, ஏக புத்திரி. அடிக்கடி தேவைப்படும், கலைத்துக் கலைத்துக் கோக்க வேண்டாம். அந்தச் சொற்களுக்கு முன்னால் அப்பா பெயரை மட்டும் கோப்பேன். எத்தனையோ பத்திரிகைகளில் பெற்றவள் பெயர் இல்லாமலே கோத்து, மை தடவி, அச்சடித்து, மஞ்சள் தடவிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் பிரதியில் இல்லாததை நான் சேர்க்க முடியாது. ஆனாலும் அந்தக் கணக்கு இன்றைக்கு என் நெஞ்சை அறுக்கிறது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர் பெயரின் சு என்ற எழுத்தைப் பெருமையோடு சுமக்கிறேன். வளர்த்தவள் அம்மா. தார் சுற்றிய கூலியில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். என் சான்றிதழ் எதிலும் அவள் இல்லை. சரி, நம் காலம் அப்படி என்று விட்டேன். ஐந்து ஆண்டுக்கு முன்னால் என் பேத்திக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பினோம். என் மகள் தன் எழுத்தை முதலிலும் மாப்பிள்ளை எழுத்தை அடுத்தும் போட்டு, பிள்ளை பெயரை அழகாக எழுதினாள். அலுவலகத்தில் இருந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தார், அவள் எழுத்தை அடித்தார், ஒரு இனிஷியல் போதும் என்றார். பேனா அழுந்திய அழுத்தத்தில் தாள் கிழிந்துவிட்டது. என் மகள் அந்தக் கிழிசலை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் சுட்டுவிரல் ஞாபகம் வந்தது. பிள்ளையின் பெயருக்கு முன்னால் அம்மா எழுத்தும் வேண்டும் என்று கேட்கிற இந்த வேலை அன்று தொடங்கியதுதான். அதற்கப்புறம் எந்த மேடையில் எந்தத் தலைப்பு கொடுத்தாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

மூன்றாவது செய்தியை ஓட்டமாகச் சொல்கிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் மண்ணுக்கு வந்த மூன்று ராபர்ட்டுகள். 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்து, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி. 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அப்புறம் நம் கால்டுவெல். ஒருவர் தமிழில் உரைநடை எழுதினார், ஒருவர் தமிழ் மண்ணைத் தோண்டினார், ஒருவர் தமிழின் குடும்பத்தை அறிவித்தார். மூன்று பேரும் புகழொளிதான். ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே ஒரு மாலை பேச வேண்டும்.

பெண் பெயர்கள் என்று சொன்னேன். மட்டில்டாவைச் சொன்னதோடு நிற்கிறது. தலைவர் அய்யா இன்னொரு மாதம் கொடுத்தால் கெர்ட்ரூடிலிருந்து தொடங்குகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பள்ளி விண்ணப்பத்தில் இனிஷியல் கட்டம் இரண்டாக இருக்க வேண்டும், முதல் கட்டம் அம்மாவுக்கு, அடுத்தது அப்பாவுக்கு, இதுதான் நம் மனு. நகர்மன்ற உறுப்பினர் சகோதரி இதை மாவட்ட ஆட்சியரிடம் தாமே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இப்போது காதோடு சொன்னார், கைதட்டுங்கள். கட்டாயம் இல்லை, அப்பா எழுத்து மட்டும் போதும் என்கிறவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். அம்மா மட்டுமே இருந்து வளர்த்த பிள்ளை அவள் எழுத்தோடு மட்டும் நிற்கட்டும். கேட்கிறவர்களுக்குச் சிவப்புப் பேனா குறுக்கே வரக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஊரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையானாலும் இரண்டு எழுத்தோடு பெயர் போடச் சம்மதித்தால், கணினியில் கோத்துப் பிழை பார்த்துக் கொடுப்பதற்கு நான் காசு வாங்க மாட்டேன். இதை ஒலிபெருக்கியில் சொல்கிறேன், எல்லாரும் சாட்சி.

மேடைக்கு இடப்பக்கம், குடிநீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறது. அதில் கோடு போட்ட நோட்டு இருக்கிறது. இரண்டு எழுத்தோடு உங்கள் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துத் தெரியாத தாய்மார்களுக்கு மைப்பெட்டி இருக்கிறது, நூலகர் தம்பி பக்கத்தில் இருந்து எழுதித் தருவார். முதல் வரியில் கா. சு. என்று போட்டு என் பெயரை எழுதிவிட்டேன். கா என்பது அம்மா. ராபர்ட்டுக்குப் பொருள் கேட்ட பிள்ளை எங்கே? இரண்டாவது வரியை உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன், வா அம்மா.

நன்றி, வணக்கம்.